பதின்பருவத்தினருக்கு எந்த அபுனைவு நூலைத் தருவது? தமிழில் கிடைக்கும் சிலவற்றின் ஒப்பீடு

எட்டாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையில் படிக்கும் ஒரு மாணவருக்கோ மாணவிக்கோ கதையல்லாத நூல் ஒன்றைத் தமிழில் வாங்கித் தர வேண்டும் என்று வரும்போது, பெற்றோரும் ஆசிரியரும் நூலகரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். சிறுவர் நூல்கள் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் பன்னிரண்டு வயதோடு நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் உள்ளவை பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இடைப்பட்ட ஐந்தாறு ஆண்டுகளைப் பொது அறிவு வினா விடைத் தொகுப்புகளும், வெற்றிக்கு வழி சொல்லும் தன்முன்னேற்ற நூல்களும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பள்ளி விழாக்களில் பரிசாகக் கொடுக்கப்படுபவையும் பெரும்பாலும் இவையே. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்கு முதல் வகையால் சிறிது பயன் உண்டு. ஆனால் ஒருவரை நெடுங்கால வாசகராக்கும் ஆற்றல் இவ்விரண்டு வகைக்கும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. வினா விடை நூலில் விடை இருக்கிறது, அது எப்படிக் கண்டறியப்பட்டது என்பது இல்லை. தன்முன்னேற்ற நூலில் பிறர் வாழ்க்கையிலிருந்து பிழிந்தெடுத்த முடிவுகள் இருக்கின்றன, அந்த வாழ்க்கை இல்லை.

ஆகவே இங்கே நூல்களை ஒப்பிட நான் முதன்மையாகக் கொள்ளும் அளவுகோல் இது: அறியாத நிலையிலிருந்து அறிந்த நிலைக்கு ஆசிரியர் எவ்வாறு வந்து சேர்ந்தார் என்பது நூலுக்குள் வாசகரின் கண்முன் நடக்கிறதா? பதின்மூன்று வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடையில்தான் ஒருவர், பெரியவர்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்வதை விட்டு, "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கத் தொடங்குகிறார். அந்தக் கேள்விக்கு இடம்கொடுக்கும் நூல் அந்த வயதுக்குப் பொருந்தும். அது வரலாறா, அறிவியலா, தன்வரலாறா என்பது அடுத்த கேள்விதான். நடைமுறையில் வேறு இரண்டையும் கவனிக்க வேண்டும். ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய பகுதிகளாக நூல் பிரிந்திருக்கிறதா என்பது ஒன்று. ஆங்கில வழியில் பயில்வதால் தமிழை மெதுவாகப் படிக்கும் பிள்ளைகள் இன்று நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றே ஒரு மாலைப் பொழுதின் நிறைவான வாசிப்பாகும். மொழிபெயர்ப்பு நூலாக இருந்தால், வாய்விட்டுப் படித்துப் பார்க்கும்போது அதன் தமிழ் ஓடுகிறதா என்பது மற்றொன்று.

வாழ்க்கை வரலாறுகளில் முதலில் நினைவுக்கு வருவது அப்துல் கலாமின் 'அக்கினிச் சிறகுகள்'. அருண் திவாரியின் துணையோடு 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, மு. சிவலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகரிடம் வந்த நூல் இது. இதன் தொடக்கப் பகுதியைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை யாரும் தள்ளிவிடாமல் படித்துவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் இரயில் நிற்காமல் போனதும், ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட நாளிதழ்க் கட்டுகளைப் பொறுக்கி எடுக்க உறவினர் சம்சுதீனுக்குச் சிறுவன் உதவியதும், அதற்காகத் தன் முதல் கூலியைப் பெற்றதும் அந்த வயதினருக்கு நேரே சென்று சேரும் செய்திகள். அதன் பிறகு நூல் நிறுவனங்கள், திட்டங்கள், குழுக்கள், அதிகாரிகளின் பெயர்கள் என்று அடர்த்தியாகிவிடுகிறது. நடுவில் படிப்பதை நிறுத்திவிடும் பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது.

நிறுத்திய பிள்ளையிடம் எஸ்.எல்.வி. 3 பற்றிய பக்கங்களை மட்டுமாவது திறந்து கொடுக்க வேண்டும். 1979 ஆகஸ்டு 10 அன்று ஏவப்பட்ட அந்த ஏவுகலம் 317 வினாடிகளில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 560 கிலோமீட்டர் தொலைவில் கடலில் விழுந்தது. ஏன் விழுந்தது என்று தேடியவர்கள் படிப்படியாகப் பின்னோக்கிச் சென்றார்கள்: இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பு செயல்படவில்லை, செயல்படாததற்குக் காரணம், எரிபொருளோடு சேர வேண்டிய நைட்ரிக் அமிலம் வடிந்துபோயிருந்தது, வடிந்ததற்குக் காரணம், மாசு படிந்த ஒரு வால்வு ஏவுதலுக்கு எட்டு நிமிடங்களுக்கு முன் திறந்த பிறகு மூடிக்கொள்ளாமல் நின்றுவிட்டது. இறுதிக் கட்டத்தில் கண்ணில் பட்ட அந்தக் கசிவு அற்பமானது என்று தாம் முடிவெடுத்ததற்குத் தாமே பொறுப்பு என்று ஆய்வுக் கூட்டத்தில் கலாம் எழுந்து சொன்னதையும் நூல் பதிவு செய்கிறது. 1980 ஜூலை 18இல் கிடைத்த வெற்றி இதற்குப் பின் வருகிறது. இந்த நூலிலிருந்து எடுத்து வகுப்பறைச் சுவர்களில் எழுதப்படும் ஊக்க வரிகள் அனைத்தையும்விட இந்தச் சில பக்கங்கள் ஒரு மாணவருக்கு அதிகம் கற்றுத்தரும் என்று நம்புகிறேன். தோல்விக்குக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி என்பதும், கண்டுபிடித்த பின் நடந்துகொள்ள வேண்டிய முறையும் இங்கே ஒன்றாக இருக்கின்றன.

இதனோடு ஒப்பிட நான் எடுத்துக்கொள்வது உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. பதின்பருவத்தினருக்கு இதைப் பரிந்துரைப்பவர்கள் குறைவு. பழைய நடை, பெரிய நூல், புலவர்களின் உலகம் என்ற காரணங்கள் சொல்லப்படுகின்றன. காரணங்கள் உண்மையானவைதாம். 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, 1942இல் ஆசிரியர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுபோன இந்தத் தன்வரலாற்றில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் உள்ளன. தொடக்க அத்தியாயங்களில் ஊர்ப் பெயர்களும் உறவினர் பெயர்களும் செய்யுள்களும் நெருக்கமாக வருகின்றன. அக்காலத்துச் சாதி வழக்கங்கள் கேள்விக்கு உட்படாமல் இயல்பானவை போல் சொல்லப்படுவதை இன்றைய பதினாறு வயது வாசகர் கண்டிப்பாகக் கவனிப்பார், கவனிக்கவும் வேண்டும்.

ஆனாலும் என் அளவுகோலின்படி தமிழில் இந்த நூலுக்கு ஈடு சொல்ல எனக்கு வேறொன்று தெரியவில்லை. ஊர் ஊராகப் போய் ஆசிரியரைத் தேடிய ஒரு சிறுவன் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவனாகச் சேர்கிறான். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று எண்ணற்ற நூல்களைக் கற்கிறான். ஆசிரியர் மறைந்த பிறகு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகவும் ஆகிவிடுகிறான். 1880இல் அந்த ஊருக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகும்போது அந்த இளைஞருக்கு வயது இருபத்தைந்து. படித்த நூல்களையெல்லாம் அடுக்கிச் சொல்லியும் முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று அவர் கேட்கிறார். ஒன்றையும் படித்ததில்லை. அத்தனை ஆண்டுக் கல்விக்குப் பிறகும் தாம் அறியாத ஒரு பெரும் இலக்கியப் பரப்பு இருக்கிறது என்று ஒருவர் உணரும் கணம் அது. அதைவிட முக்கியமானது அடுத்து நடப்பது. முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியைப் படிக்கத் தொடங்கினால் பொருள் விளங்கவில்லை. அது சமணக் காப்பியம் என்பதால் சைவ நூல்களில் பெற்ற பயிற்சி உதவவில்லை. அப்போது அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்களிடம் ஒவ்வொரு கருத்தாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887இல் நூலைப் பதிப்பிக்கிறார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவர்களின் வாசலுக்குப் போய் நிற்கும் இந்த அத்தியாயங்களைப் படித்த மாணவர், பாடநூலின் ஓரத்தில் இருக்கும் உ.வே.சா.வின் படத்தை அதன் பிறகு வேறு கண்ணால்தான் பார்ப்பார்.

இரண்டில் எதைத் தருவது என்றால், வயதைப் பார்த்து முடிவு செய்வேன். பதின்மூன்று, பதினான்கு வயதினருக்கு 'அக்கினிச் சிறகுகள்'. பதினாறு வயதுக்கு மேல், தமிழில் ஓரளவு ஓட்டமாகப் படிப்பவருக்கு 'என் சரித்திரம்'. அதையும் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கச் சொல்லாமல், முதலியாரைச் சந்தித்த இடத்தில் தொடங்கச் சொல்வேன். அதற்கு முன்பாகச் சாமிநாதையரின் நடைக்குப் பழகிக்கொள்ள 'நினைவு மஞ்சரி', 'நான் கண்டதும் கேட்டதும்' ஆகிய தொகுப்புகளில் உள்ள சிறு கட்டுரைகள் நல்ல வாயில். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டதால் இவற்றுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. மயில்சாமி அண்ணாதுரையின் 'கையருகே நிலா' நூலையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்தவர் 2008இல் சந்திரயான் 1 நிலவை நோக்கிச் சென்றது வரை தாமே தமிழில் சொல்வதால், மொழிபெயர்ப்பில் தடுக்கி நிற்கும் பிள்ளைக்கு அது எளிதாக இருக்கும்.

உலக வரலாறு கேட்கும் பிள்ளைக்கு இன்று பலரும் எடுத்துக் கொடுப்பது யுவால் நோவா ஹராரியின் 'சேப்பியன்ஸ்'. நாகலட்சுமி சண்முகத்தின் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பும் தங்குதடையின்றிப் போகிறது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைக்கத்தக்கது ஜவாஹர்லால் நேருவின் 'உலக சரித்திரம்', ஓ.வி. அளகேசனின் மொழிபெயர்ப்பில். முதல் நூல் சில ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது, இரண்டாவது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது என்பதால் முடிவு எளிது என்று தோன்றலாம். நான் அப்படிக் கருதவில்லை.

ஹராரியின் வலிமை அவருடைய துணிவான வாதங்கள். வேளாண்மைப் புரட்சி மனிதகுலத்துக்கு நேர்ந்த மாபெரும் மோசடி என்று அவர் சொல்லும்போது பதினைந்து வயது வாசகர் நிமிர்ந்து உட்காருகிறார். பணம், நாடு, நிறுவனம் எல்லாம் மனிதர் கூட்டாக நம்பும் கற்பனைகள் என்னும் வாதமும் அப்படியே. சிக்கல் என்னவென்றால், அகழாய்வால் நிறுவப்பட்ட செய்தியும், அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கும் கருத்தும், ஆசிரியரின் சொந்த ஊகமும் ஒரே உறுதியோடு, ஒரே குரலில் வருகின்றன. எது எந்த வகை என்று பிரித்தறியப் பயிற்சி வேண்டும். முதல் வரலாற்று நூலாக இதைப் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பயிற்சி இருக்காது. படித்து முடித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது என்ற எண்ணம் மட்டும் தங்கிவிடக்கூடும்.

நேருவின் நூல் 1930 அக்டோபரில், நைனி சிறையிலிருந்து மகளின் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு எழுதிய கடிதத்தில் தொடங்குகிறது. 1933 ஆகஸ்டு வரை வெவ்வேறு சிறைகளிலிருந்து எழுதப்பட்ட 196 கடிதங்கள் அதில் உள்ளன. பதின்பருவ வாசகர் ஒருவரையே முகம்பார்த்துப் பேசும் பெருநூல் என்ற வகையில் இதற்கு ஒப்பானவை உலகிலேயே குறைவு. கையில் நூலகம் இல்லை, தாம் வரலாற்றாசிரியரும் அல்லர் என்பதை எழுதுபவர் மறைப்பதில்லை. தயங்க வேண்டிய இடத்தில் தயங்குகிறார், தம் சார்பு எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறார். ஒவ்வொரு கடிதமும் சில பக்கங்களில் முடிந்துவிடுவது இன்னொரு வசதி. காலம் கடந்த செய்திகள் இதில் உண்டு என்பது உண்மை. குறிப்பாகத் தமிழகத் தொன்மை பற்றிய இன்றைய அறிவின் பெரும்பகுதி அதற்குப் பின் வந்தது: புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்தது 1945இல், கீழடியில் அகழாய்வு தொடங்கியது 2015இல். இந்தப் பழமையையே நான் ஒரு வாய்ப்பாகக் கருதுகிறேன். நேரு எழுதியதற்கும் இன்றைய பாடநூலில் உள்ளதற்கும் இடையே உள்ள வேறுபாடுகளைத் தேடும்படி ஒரு மாணவியிடம் சொன்னால், வரலாறு என்பது சான்றுகள் கிடைக்கக் கிடைக்கத் திருத்தி எழுதப்படுவது என்பதை அவள் தானே கண்டுகொள்வாள். ஆகவே முதலில் நேரு, பிறகு ஹராரி என்பதே நான் சொல்லும் வரிசை. 196 கடிதங்களையும் படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம்; முதல் முப்பதைப் படித்துவிட்டு, விருப்பமான நாட்டுக்கோ காலத்துக்கோ தாவிச் செல்லலாம்.

உலக வரலாற்றைவிட வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வரலாறே பல பிள்ளைகளுக்கு முதலில் பிடிபடும். இந்த வகையில் தமிழ் வாசகருக்கு இரண்டு அருமையான சிறு நூல்கள் உண்டு: தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்', ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. இரண்டையும் ஒருசேர வாங்கித் தருவதற்கு வலுவான காரணம் உண்டு என்பதால் இவற்றில் ஒன்றைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

தொ.ப. உப்பு, எண்ணெய், உணவு, உறவுமுறை, விளையாட்டு என்று எந்த வீட்டிலும் இருக்கும் பொருளிலிருந்தும் வழக்கத்திலிருந்தும் தொடங்குகிறார். அவருடைய கட்டுரைகள் சில பக்கங்களே. பல்லாங்குழி பற்றிய கட்டுரையில், எல்லாக் குழிகளிலும் சமமாகக் காய்களை இட்டுத் தொடங்கும் ஆட்டம் ஒருவரிடம் எல்லாம் குவிவதிலும் மற்றவர் வெறுங்கையோடு நிற்பதிலும் முடிவதைச் சுட்டி, தனிச்சொத்து உருவான கதையின் தடம் அதில் இருப்பதாக வாதிடுகிறார். ஒரு பதினான்கு வயதுச் சிறுமி பாட்டியோடு உட்கார்ந்து பல்லாங்குழி ஆடிப் பார்த்து, அந்த வாதம் சரியா என்று தானே சோதித்துப் பார்க்க முடியும். வேறெந்த வரலாற்று நூல் இப்படிச் சோதிக்க இடம்தருகிறது? வேங்கடாசலபதி வேறு வழியில் செல்கிறார். காப்பி தமிழகத்து நடுத்தர வகுப்பு வீடுகளுக்குள் எப்படி நுழைந்தது, அதைச் சுற்றி என்னென்ன சாதி, வகுப்பு வேறுபாடுகள் உருவாயின என்பதைப் பழைய இதழ்கள், எழுத்தாளர்களின் குறிப்புகள் போன்ற ஆவணங்களிலிருந்து எடுத்துக் கட்டுகிறார். ஒவ்வொரு கூற்றுக்கும் பின்னால் ஓர் ஆதாரம் நிற்கிறது. களத்தில் மக்களோடு பேசிப் பழகிப் பெற்ற அறிவு ஒன்று, ஆவணக் காப்பகத்தில் தேடிப் பெற்ற அறிவு மற்றொன்று. அறிவுக்கு இந்த இரண்டு வழிகளும் உண்டு என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே ஒருவர் தெரிந்துகொள்வது பெரும் பேறு. நடையைப் பொறுத்தவரை தொ.ப. எளியவர், வேங்கடாசலபதியின் கட்டுரைகளுக்குப் பதினொன்றாம் வகுப்பு வரை காத்திருக்கலாம், தலைப்புக் கட்டுரையை மட்டும் முன்பே கொடுக்கலாம்.

அறிவியலில் பரிந்துரைப்போர் அடிக்கடி தவறிவிடுவது தேர்வில்தான். ஸ்டீபன் ஹாக்கிங்கின் 'காலம்: ஒரு வரலாற்றுச் சுருக்கம்' தமிழில் இருக்கிறது, அண்டவியலில் ஏற்கெனவே ஆர்வம் கொண்ட பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு அது பொருந்தும். சமன்பாடுகளை ஒன்றைத் தவிர முற்றிலும் விலக்கிவிட்ட நூல் என்பதால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது, சமன்பாடு இல்லாவிட்டாலும் கருத்து கடினமானதே. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் அதைக் கொடுத்து, தனக்கு அறிவியல் வராது என்ற முடிவுக்கு அந்தப் பிள்ளையைத் தள்ளுவதைவிட, உல்லாஸ் காரந்தின் 'கானுறை வேங்கை'யைக் கொடுப்பது மேல். தியடோர் பாஸ்கரன் மொழிபெயர்த்த இந்நூலில் தமிழ் இயல்பாக இருக்கிறது. மொழிபெயர்த்தவர் தாமே காட்டுயிர் பற்றித் தமிழில் பல்லாண்டுகளாக எழுதிவருபவர் என்பதால் விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் தமிழில் வழங்கும் பெயர்களே வருகின்றன. புலி எப்படி வேட்டையாடுகிறது என்பது எந்தப் பிள்ளையையும் ஈர்க்கும். ஆனால் காட்டில் ஒளிந்து வாழும் புலிகளை எண்ணுவது எப்படி என்ற கேள்வியில்தான் அறிவியல் இருக்கிறது. ஒவ்வொரு புலியின் வரிகளும் வேறுபட்டவை. தானியங்கிக் கேமராவில் பதிவாகும் படங்களை வைத்துத் தனித்தனிப் புலிகளை அடையாளம் கண்டு, மீண்டும் மீண்டும் சிக்குபவை எத்தனை என்பதிலிருந்து சிக்காதவற்றையும் சேர்த்து மொத்த எண்ணிக்கையை மதிப்பிடலாம். காலடித் தடங்களை வைத்து எண்ணும் பழைய முறையைக் காரந்த் ஏன் ஏற்கவில்லை என்பதோடு சேர்த்து இதைப் பேசினால், கணிதப் பாடத்தில் வரும் புள்ளியியலுக்கும் காட்டுக்கும் உள்ள தொடர்பு பிள்ளைக்குப் புரியும்.

புலி இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' இருக்கிறது. 1912 முதல் 1996 வரை வாழ்ந்த கிருஷ்ணன் ஆங்கிலத்தில் எழுதிய இயற்கைப் பத்திகளால் அறியப்பட்டவர். தமிழில் அவர் எழுதிய சிறு கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் இந்நூலில் தொகுத்தார். நாள்தோறும் கண்ணில் படும் பறவைகளையும் விலங்குகளையும் பொறுமையாகப் பார்த்து, பார்த்ததை மட்டும் சொல்லும் உரைநடை. சிறியது, மலிவானது, எந்தப் பக்கத்திலும் தொடங்கலாம். நூல் வாங்கவே முடியாத இடங்களில், 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திவரும் 'துளிர்' இதழின் பழைய பிரதிகளைப் பள்ளியில் சேகரித்து வைப்பதும் பயனுள்ள செயல்.

கடைசியாக, மனிதர் தம் கண்ணால் கண்டதையும் தம் மேல் நேர்ந்ததையும் எழுதிய நூல்கள். இங்கே மூன்றை ஒப்பிடுகிறேன்.

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு முதலாவது. 1942 ஜூனில் பதின்மூன்றாம் பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியவள், 1944 ஆகஸ்டு 4 அன்று பிடிபடும்வரை ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ்ந்தபடி எழுதினாள். வாசகரின் வயதே எழுதுபவரின் வயதும் என்பதால் தாயோடு வரும் பிணக்கும் தன் உடல் பற்றிய வியப்பும் இடைவெளியின்றிச் சென்று சேர்கின்றன. போருக்குப் பிறகு நாட்குறிப்புகளும் கடிதங்களும் சேகரிக்கப்படும் என்ற வானொலி அறிவிப்பை 1944 மார்ச்சில் கேட்ட பின், தான் எழுதியவற்றைத் தானே திருத்தி மறுபடி எழுத அவள் தொடங்கினாள் என்பதைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்ல வேண்டும். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தன் எழுத்துக்குத் தானே பதிப்பாசிரியராக இருந்திருக்கிறாள். வாங்கும்போது அது முழுப் பதிப்பா, சுருக்கமா என்று பார்த்து வாங்க வேண்டும். சுருக்கத்தில் முதலில் வெட்டுப்படுவது அன்றாட வாழ்க்கைதான், அதுவே இந்நூலின் உயிர்.

இரண்டாவது, வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்'. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்த பிறகு, அங்கே 'ஜோதி' இதழை நடத்திவந்த சர்மா தம் மனைவியோடும் பிறரோடும் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டு வந்த கதை. பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் வழிவந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு இது தாத்தா சொல்லாமல் விட்ட கதையாகவும் இருக்கக்கூடும். சாகசக் கதைகளை மட்டுமே விரும்பிப் படிக்கும் பிள்ளையை அபுனைவுப் பக்கம் அழைத்துவர இதைவிடப் பொருத்தமான நூலை நான் அறியேன். அதன் நடை சற்றுப் பழையது, அதனால் முதல் அத்தியாயத்தை உடனிருந்து படித்துக் காட்டினால் போதும்.

மூன்றாவது, 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'. நாவல் என்று சிலர் அடுக்கி வைத்தாலும் தன்வரலாறாகவே இதைப் படிக்கலாம். பள்ளிவிட்டு வேடிக்கை பார்த்தபடி வீடு திரும்பும் சிறுமி, தெருவில் ஒரு பெரியவர் தின்பண்டப் பொட்டலத்தை அதன் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டு சிரிக்கிறாள். அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கும்போது, பொட்டலத்தைத் தொட்டால் தீட்டு என்று மேல்சாதியார் கருதுவதால்தான் அவர் அப்படி எடுத்துச் சென்றார் என்று அண்ணன் விளக்குகிறான். சிரிப்பு ஒரு கணத்தில் சினமாக மாறுகிறது. அறியாமையிலிருந்து அறிவுக்கு வருவது மகிழ்ச்சியான செயலாக மட்டும் இருப்பதில்லை என்பதை இந்தப் பக்கங்களைவிடத் தெளிவாக எதுவும் காட்டுவதில்லை. நூல் பேச்சுமொழியில் எழுதப்பட்டிருப்பதால் பாடநூல் தமிழுக்கு மட்டும் பழகியவர்கள் முதல் பத்துப் பக்கங்களில் திணறலாம்; தென் மாவட்டப் பிள்ளைகளுக்கோ அது வீட்டுப் பேச்சாகவே கேட்கும்.

மூன்றில் 'கருக்கு'வையே பத்தாம் வகுப்புக்கு மேல் உள்ள ஒவ்வொருவருக்கும் கொடுக்க விரும்புகிறேன். எட்டு, ஒன்பதாம் வகுப்பினருக்கு ஆன் ஃபிராங்க். ஆனால் 'கருக்கு'வை வகுப்பறையில் தரும் ஆசிரியர் அதைத் தாம் முழுமையாகப் படித்திருக்க வேண்டும். அந்தப் பொட்டலத்தின் இரு பக்கத்துப் பிள்ளைகளும் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். யாருடைய சாதியையும் எவரும் வாய்திறந்து கேட்காதபடி, நூலில் நடந்ததை நூலில் நடந்ததாகவே பேசத் தெரிந்த ஆசிரியரால்தான் அந்த உரையாடலை நடத்த முடியும். அத்தகைய ஆசிரியர் இல்லாத பள்ளியில், இந்நூலை நூலக அடுக்கில் எளிதில் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துவிட்டு, எடுத்துச் செல்பவரிடம் எந்தக் கேள்வியும் கேட்காமல் இருப்பதே நல்லது.